குடியரசுத் தலைவர் வேட்பாளர் யார்? ஊகிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2022 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. குடியாத்தத்தில் ஒரு லுங்கிக் கடையின் மாடியில் நாங்கள் நடத்தும் டி.என்.பி.எஸ்.சி. வகுப்புக்கு நாற்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். குடியரசுத் தலைவர் தேர்தலைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு எழுதி, ஆளுக்கொன்று ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். ஆளும் கூட்டணியின் வேட்பாளர் அநேகமாக அன்றைய துணைக் குடியரசுத் தலைவர் வெங்கய்ய நாயுடுதான் என்று அதில் எழுதியிருந்தேன். ஒரு யூடியூப் சேனல் ‘உறுதி’ என்று போட்டதை நம்பி எழுதியது. செவ்வாய்க்கிழமை இரவு திரௌபதி முர்முவின் பெயர் அறிவிக்கப்பட்டது.

அன்றிரவே பேரணாம்பட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி போன் செய்தாள். “அக்கா, பேரு வேற வந்துடுச்சு. ஷீட்ல மத்ததெல்லாம் சரிதானேக்கா?”

அந்தக் கேள்விக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு, அதாவது அவர் போடும் ஓர் ஓட்டு எத்தனையாகக் கணக்கிடப்படும் என்பது, 708 என்று எழுதியிருந்தேன். அது 2017-ஆம் ஆண்டுக் கணக்கு; 2022-இல் அது 700. பெயரை யாரும் தேர்வில் கேட்கப்போவதில்லை. இந்த எண்ணைக் கேட்பார்கள். அடுத்த ஞாயிறு திருத்திய தாளைக் கொடுத்து, பழையதை ஒவ்வொருவரிடமிருந்தும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

திரௌபதி முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலை 24-ஆம் தேதியோடு முடிகிறது. அடுத்த வேட்பாளர் யார் என்ற பேச்சு வகுப்பிலும் பேருந்திலும் டீக்கடையிலும் வரத்தான் போகிறது. ஊகிப்பது தப்பில்லை. நன்றாக ஊகிக்கப் பழகினால் அரசியலமைப்பில் பாதி தானாகவே மனதில் பதிந்துவிடும். ஆனால் நான் செய்ததுபோல் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். தேதி, கணக்கு, அப்புறம் பெயர். இந்த வரிசையில் போங்கள்.

1. நாட்காட்டியை வரைந்துகொள்ளுங்கள்

ஒரு நோட்டில் இரண்டு பக்கத்தை ஒதுக்கி மே கடைசி வாரத்திலிருந்து ஜூலை முடியும்வரை கட்டம் போடுங்கள். அதில் முதலில் எழுத வேண்டியது ஜூலை 24. அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பதவிக்காலம் முடிவதற்கு முந்தைய 60-ஆவது நாளுக்கு முன்பாகத் தேர்தல் அறிவிக்கை வெளியாகாது என்பது சட்டம். அதாவது மே 25-க்கு முன்பு முறையான வேலை எதுவும் தொடங்காது. ஜனவரியிலேயே ‘வேட்பாளர் முடிவாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால் அந்தச் செய்தியை நோட்டில் ஏற்ற வேண்டாம்.

அறிவிக்கை வந்துவிட்டால் அப்புறம் எல்லாம் எண்ணிக்கைதான். அன்றிலிருந்து 14-ஆம் நாள் மனுத்தாக்கலுக்குக் கடைசி. மறுநாள் பரிசீலனை. பரிசீலனையிலிருந்து இரண்டாம் நாள் மனுவைத் திரும்பப் பெறக் கடைசி. அதற்குப் பிறகு 15-ஆம் நாளுக்கு முன்னால் வாக்குப்பதிவு நடத்தக் கூடாது. இந்தக் கடைசி நாள்களில் ஒன்று அரசு விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும்.

2022-ஐ வைத்துப் பழகிப் பாருங்கள். அறிவிக்கை ஜூன் 15. அதோடு 14 சேர்த்தால் ஜூன் 29. பரிசீலனை 30. திரும்பப் பெறக் கடைசி ஜூலை 2. வாக்குப்பதிவு ஜூலை 18, எண்ணிக்கை 21, பதவியேற்பு 25. கட்டத்தில் விரல் வைத்து ஒருமுறை எண்ணிவிட்டால் அப்புறம் மறக்கவே மறக்காது.

இனி என் நோட்டில் நான் சிவப்பு மையில் எழுதிவைத்திருப்பது. கடைசியாக வென்ற ஐந்து வேட்பாளர்களின் பெயரும் அறிவிக்கப்பட்ட தேதிகள் இவை: அப்துல் கலாம் 2002 ஜூன் 10, பிரதிபா பாட்டீல் 2007 ஜூன் 14, பிரணாப் முகர்ஜி 2012 ஜூன் 15, ராம்நாத் கோவிந்த் 2017 ஜூன் 19, திரௌபதி முர்மு 2022 ஜூன் 21. ஐந்துமே பன்னிரண்டு நாள் இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே உங்கள் ஊகத்தை ஜூன் முதல் வாரம் முடிவதற்குள் எழுதி, தேதி போட்டு மூடிவிடுங்கள். அதற்கு அப்புறம் எழுதுவதெல்லாம் செய்தியைப் பார்த்து எழுதுவதாகிவிடும்.

2. தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

எல்லாமே இலவசமாகக் கிடைப்பவை. அலைச்சல் இல்லை, தேடும் பொறுமை மட்டும் வேண்டும்.

அரசியலமைப்பின் 54, 55, 56, 57, 58, 62 ஆகிய பிரிவுகள் முதலில். ஆறும் சேர்ந்து மூன்று பக்கம்கூட வராது. அடுத்து 1952-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர் தேர்தல்கள் சட்டமும் அதற்கான 1974-ஆம் ஆண்டு விதிகளும். மத்திய அரசின் சட்டத் தொகுப்பு இணையதளத்தில் பி.டி.எஃப். ஆக இருக்கின்றன. மூன்றாவது, தேர்தல் ஆணையம் அட்டவணையை அறிவிக்கும் நாளில் வெளியிடும் செய்திக் குறிப்பு. 2022-இல் ஜூன் 9 அன்று வந்தது. மாநில வாரியாக வாக்கு மதிப்புப் பட்டியல் அதிலேயே இருந்தது. நான் அதைத் திறந்து பார்த்திருந்தால் 708 என்ற பிழை நேர்ந்திருக்காது.

கடைசியாக, கட்சி வாரியான எண்ணிக்கை. மக்களவை, மாநிலங்களவை, ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றம் என்று தனித்தனி இணையதளங்களில் இருக்கும். இதற்குத்தான் நேரம் பிடிக்கும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், கண் கட்டிப் பிழை வரும். நாளைக்கு மூன்று மாநிலம் என்று வைத்துக்கொண்டால் பத்துப் பதினோரு நாளில் முடிந்துவிடும்.

எச்சரிக்கை ஒன்று. வழிகாட்டிப் புத்தகங்களும் பயிற்சி மையக் குறிப்புகளும் பழைய எண்ணையே திரும்பத் திரும்ப அச்சிடுகின்றன. எந்த எண்ணுக்குப் பக்கத்திலும் ஆண்டு இல்லையென்றால் அதை எடுக்காதீர்கள்.

3. வாக்கு மதிப்பைக் கையால் போட்டுப் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் தாண்டிப் போய்விடும் படி இதுதான். எங்கள் வகுப்பில் இதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆகும்.

இந்தத் தேர்தலில் நீங்களும் நானும் ஓட்டுப் போடுவதில்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், மாநிலச் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், டெல்லி, புதுச்சேரி சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் போடுகிறார்கள். நியமன உறுப்பினருக்கு ஓட்டில்லை. மாநிலச் சட்ட மேலவை உறுப்பினருக்கும் இல்லை. துணைக் குடியரசுத் தலைவர் தேர்தல் வேறு: அதில் நாடாளுமன்றத்தினர் மட்டும்தான், ஆனால் நியமன உறுப்பினர்களும் உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது தேர்வில் அடிக்கடி விழும் குழி.

நம் எம்.எல்.ஏ.வின் ஓட்டுக்கு என்ன மதிப்பு? 1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. அதை 234 உறுப்பினர்களால் வகுத்து, வருவதை 1,000-ஆல் வகுக்க வேண்டும். 176-ம் கொஞ்சமும் வருகிறது. மிச்சம் 500-ஐத் தொடவில்லை, அதனால் 176. மொத்தச் சட்டமன்றத்துக்கும் 234 பெருக்கல் 176, அதாவது 41,184.

இதை நம் ஊர்க் கணக்கில் வையுங்கள். இப்போதைய வேலூர் மாவட்டத்தில் காட்பாடி, வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் என ஐந்து தொகுதிகள். ஐந்துக்கும் சேர்த்து 880. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களையும் சேர்த்தால் பதின்மூன்று தொகுதி, 2,288. திருவண்ணாமலையின் எட்டையும் சேர்த்துப் பழைய வட ஆற்காட்டையே எடுத்துக்கொண்டால் இருபத்தொரு தொகுதி, 3,696. சிக்கிமின் முழுச் சட்டமன்றத்துக்கும் 32 பேர், ஆளுக்கு 7, மொத்தமே 224. வேலூர், காட்பாடி இரண்டு எம்.எல்.ஏ.க்கள் சேர்ந்தாலே 352 வந்துவிடுகிறது. உத்தரப்பிரதேசத்திலோ ஒருவருக்கே 208, மொத்தம் 403 பேர், 83,824. வகுப்பில் இந்த எண்களைப் பலகையில் எழுதும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன். தன் தொகுதியின் பெயர் கணக்கில் வந்துவிட்டால் கணக்கு பயமுறுத்துவதில்லை.

நாடாளுமன்ற உறுப்பினரின் மதிப்பு இதிலிருந்துதான் வருகிறது. நாட்டின் எல்லாச் சட்டமன்ற வாக்கு மதிப்பையும் கூட்டி, தேர்ந்தெடுக்கப்படும் நாடாளுமன்ற இடங்கள் 776-ஆல் வகுக்க வேண்டும். 2017-இல் அந்தக் கூட்டுத்தொகை 5,49,495, அதனால் 708. 2022-இல் ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றம் இல்லை, தொகை 5,43,231-ஆகக் குறைந்தது, அதனால் 700. என் தாளில் நேர்ந்த பிழையின் காரணம் இவ்வளவுதான். 2024-இல் அங்கே தேர்தல் நடந்து சட்டமன்றம் வந்துவிட்டது. ஆகவே 2027-க்கு 700 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். ஆணையத்தின் அட்டவணை வரட்டும்.

நோட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வரி, மூன்று பத்தி: ஆளும் கூட்டணி, எதிரணி, இரண்டிலும் சேராதவர்கள். பென்சிலில் எழுதுங்கள். நடுவில் மாநிலத் தேர்தல்கள் வந்து மாற்றிவிடும். தமிழ்நாட்டில் 2026-இல் வெல்பவர்கள்தாம் 2027 ஜூலையில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் வாக்களிப்பார்கள். உத்தரப்பிரதேசமும் பஞ்சாபும் 2027 தொடக்கத்தில் தேர்தலைச் சந்திக்க வேண்டியவை. உத்தரப்பிரதேசத்தின் முடிவு வராமல் யாரும் உறுதியாக எதையும் சொல்ல முடியாது. அந்த ஒரு வரியிலேயே எண்பத்து மூவாயிரத்துக்கு மேல் இருக்கிறது.

4. யாரை இழுக்கப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்

மூன்று பத்தியையும் கூட்டிவிட்டீர்கள். செல்லத்தக்க வாக்கு மதிப்பில் பாதியை ஒன்றாவது தாண்டினால்தான் வெற்றி. 2022-இல் முர்மு பெற்றது 6,76,803, யஷ்வந்த் சின்கா பெற்றது 3,80,177. இரண்டையும் கூட்டி, இரண்டால் வகுத்து, ஒன்று சேர்த்தால் 5,28,491. அதுதான் தாண்ட வேண்டிய கோடு.

இப்போது உங்கள் நோட்டில் ஆளும் கூட்டணிக்கு எவ்வளவு குறைகிறது, அல்லது எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். பெயர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதை இந்த ஓர் எண் நிறையவே சொல்லிவிடும். மிச்சம் நிறைய இருந்தால் கட்சி தன் விருப்பத்துக்கு ஒருவரை நிறுத்தலாம். இழுபறியாக இருந்தால் எதிரணியில் யாரையாவது பிரித்தெடுக்கும் பெயர் தேவைப்படும்.

இது வெறும் யூகமில்லை, நடந்திருக்கிறது. 2007-இல் பிரதிபா பாட்டீல் மகாராஷ்டிராவைச் சேர்ந்தவர் என்பதால் எதிர்க் கூட்டணியிலிருந்த சிவசேனா அவருக்கு வாக்களித்தது. 2012-இல் பிரணாபுக்கும் சிவசேனாவும் ஐக்கிய ஜனதா தளமும் கூட்டணி தாண்டி வந்தன. 2017-இல் கோவிந்த் பீகார் ஆளுநராக இருந்தார். அப்போது எதிரணியில் இருந்த நிதீஷ் குமார் அவரை ஆதரித்தார். 2022-இல் முர்மு ஒடிசாவின் மயூர்பஞ்சைச் சேர்ந்த சந்தால் பழங்குடிப் பெண், ஜார்க்கண்டின் முன்னாள் ஆளுநர். பிஜு ஜனதா தளம் உடனே வந்தது. காங்கிரசோடு சேர்ந்து ஜார்க்கண்டை ஆண்ட ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா கட்சியும் எதிர்த்து ஓட்டுப் போட முடியாத நிலைக்கு வந்தது.

இந்த நான்கையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிவைத்துக்கொண்டு யோசியுங்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு மாநிலத்தின் பூட்டைத் திறக்கும் சாவியாக இருந்திருக்கிறது. ஆகவே ‘இவர் பெரிய தலைவரா, படித்தவரா’ என்று கேட்பதைத் தள்ளிவையுங்கள். ‘இவர் பெயரைச் சொன்னால் எதிரணியில் எந்தக் கட்சியால் வேண்டாம் என்று சொல்ல முடியாது?’ என்று கேளுங்கள். 2022-இல் நான் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

கட்சிகள் இதில் கொறடா உத்தரவு போட முடியாது. ரகசிய வாக்கு. உறுப்பினர்கள் கட்சி சொன்னதை மீறிப் போட்டாலும் பதவி போகாது. உங்கள் கூட்டலில் அதற்கு ஒரு சிறு இடைவெளி விடுங்கள். செல்லாத வாக்குகளும் உண்டு: 2022-இல் 53. நாடாளுமன்றத்தினருக்குப் பச்சை நிறச் சீட்டு, சட்டமன்றத்தினருக்கு இளஞ்சிவப்பு. ஆணையம் தரும் ஊதா மைப் பேனாவால்தான் 1, 2 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். நாட்டுக்கே சட்டம் இயற்றுபவர்களிலும் ஐம்பத்து மூன்று பேரின் சீட்டு செல்லாமல் போயிருக்கிறது.

5. பெயர்களை எழுதுங்கள், அப்புறம் அடியுங்கள்

இங்கே வந்த பிறகுதான் பெயர். பத்துப் பன்னிரண்டு போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘எந்தப் பூட்டு’ என்று ஒரு வரி. எழுத வரவில்லையென்றால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள்.

தகுதி சுலபம்: இந்தியக் குடிமகன், 35 வயது நிரம்பியவர், மக்களவைக்குப் போட்டியிடும் தகுதி உள்ளவர், ஆதாயம் தரும் பதவியில் இல்லாதவர். ஆளுநர், அமைச்சர், துணைக் குடியரசுத் தலைவர் பதவிகள் ஆதாயப் பதவியாகக் கொள்ளப்படுவதில்லை. ‘ஆளுநர் ராஜினாமா செய்யவில்லை, அதனால் வேட்பாளர் ஆக முடியாது’ என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம்.

நம் பக்கத்துக்காரர்கள் விழும் ஒரு குழியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். துணைக் குடியரசுத் தலைவர்தான் அடுத்த படியில் ஏறுவார் என்ற நம்பிக்கை. வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன் அப்படித்தான் ஏறினார், ஆர்.வெங்கட்ராமனும் அப்படித்தான். மொத்தம் ஆறு பேர். ஆனால் 1997-இல் கே.ஆர்.நாராயணனுக்குப் பிறகு ஒருவர்கூட இல்லை. கிருஷ்ண காந்த், ஷெகாவத், ஹமீத் அன்சாரி, வெங்கய்ய நாயுடு, ஜக்தீப் தன்கர் என ஐவரும் ஏறவில்லை. ஷெகாவத் 2007-இல் போட்டியிட்டே தோற்றார். இப்போது துணைக் குடியரசுத் தலைவராக இருப்பவர் திருப்பூரைச் சேர்ந்த சி.பி.ராதாகிருஷ்ணன். தமிழர் என்ற பாசத்தில் அவர் பெயரை முதல் வரியில் எழுத நமக்குக் கை போகும். எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் மற்றவர்களுக்குக் கேட்ட அதே கேள்வியை அவருக்கும் கேளுங்கள். 2027 கணக்கில் அந்தப் பெயர் எந்த மாநிலத்தைத் திறக்கும் என்பதற்குப் பதில் இருந்தால் மட்டும் வைத்திருங்கள்.

கடைசி மூன்று பேரும், பாட்டீல் தொடங்கிப் பார்த்தால் நால்வரில் மூவரும், ஆளுநராக இருந்தவர்கள் அல்லது இருந்து ஓய்ந்தவர்கள் என்று பலர் எழுதுகிறார்கள். முதல் பாதி தப்பு. கடைசி மூவரில் பிரணாப் நிதியமைச்சராக இருந்து வந்தவர். கோவிந்தும் முர்முவும்தான் ஆளுநர்கள். பாட்டீல் ராஜஸ்தான் ஆளுநர். எண்ணிச் சொல்லுங்கள், காதால் கேட்டதைச் சொல்லாதீர்கள். எப்படியிருந்தாலும் ஆளுநர் பட்டியலை முழுதாக ஒருமுறை படிக்காமல் இந்தப் படியை முடிக்காதீர்கள். ஓய்வுபெற்ற ஆளுநர்களையும் சேர்த்து. முர்மு 2021-லேயே ஜார்க்கண்டை விட்டு வந்துவிட்டவர்.

இன்னொன்று, பழைய நோட்டைத் தூக்கிப்போடாதீர்கள். 2017-இல் பேசப்பட்ட பெயர்களில் முர்முவும் ஒருவர். அப்போது கிடைக்காதது ஐந்தாண்டு கழித்துக் கிடைத்தது.

பதவியில் இருப்பவரையே மீண்டும் நிறுத்தலாமா என்றால், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் ராஜேந்திர பிரசாத்தைத் தவிர யாரும் இருமுறை தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஒரு வரி ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

6. எதிரணி வேட்பாளருக்குத் தனிப் பக்கம்

இங்கே முறை வேறு. தோற்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தே நிற்பவரைத் தேடுகிறோம். அதனால் முதல் கேள்வி, ‘ஒப்புக்கொள்வாரா?’ 2022-இல் சரத் பவார், ஃபரூக் அப்துல்லா, கோபாலகிருஷ்ண காந்தி மூவரும் மறுத்த பிறகுதான் யஷ்வந்த் சின்காவின் பெயர் வந்தது. 2012-இல் மம்தா பானர்ஜியும் முலாயம் சிங்கும் கலாம் பெயரைச் சொன்னார்கள். இங்கே கல்லூரிப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சந்தோஷம்! ஜூன் 18 அன்று கலாமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒருவர் பெயரை இன்னொருவர் சொல்வது வேறு, அவரே சம்மதம் சொல்வது வேறு. நோட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

எதிரணிப் பெயர் ஆளும் கூட்டணிப் பெயருக்குப் பதிலாகவும் வரலாம். 2017-இல் கோவிந்த் அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் மீரா குமார் அறிவிக்கப்பட்டார்.

7. பெயர் வரும் வாரத்தில் எதைக் கவனிப்பது

முதல் அறிகுறி, மற்றக் கட்சிகளோடு பேச யாரையாவது நியமிப்பது. பாஜக 2017-இல் மூவர் குழுவை அமைத்தது ஜூன் 12 அன்று. பெயர் ஏழாம் நாள் வந்தது. 2022-இல் நட்டாவையும் ராஜ்நாத் சிங்கையும் அறிவித்ததும் ஜூன் 12. பெயர் ஒன்பதாம் நாள் வந்தது. அடுத்த அறிகுறி ஆட்சிமன்றக் குழுக் கூட்டம். அது முடிந்த அன்றே பெயர் சொல்லப்பட்டது, இரண்டு முறையும்.

இதற்கு முன்னால் வரும் ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள்’ செய்தியை ஒரே ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள். யார் சொன்னார், எந்தத் தேதியில், பெயர் போட்டுச் சொன்னாரா? மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அதை வகுப்புக் குழுவில் அனுப்ப வேண்டாம். நம்மை நம்பிப் படிக்கும் ஒரு பிள்ளை அதைத் தேர்வுத்தாளில் எழுதிவிடும். நான் இதை மனம் வருந்தித்தான் சொல்கிறேன்.

8. மனுத்தாக்கல்: என்ன தாள், எவ்வளவு பணம்

பெயர் அறிவித்துவிட்டால் வேட்பாளர் ஆகிவிட்டார் என்று நினைக்கிறோம். மனு ஏற்கப்படும்வரை அவர் கட்சியின் தேர்வு மட்டும்தான். நாமே போட்டியிட்டால் என்ன என்று கேட்பவர்களும் ஒவ்வொரு முறையும் வகுப்பில் உண்டு, அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

மனு படிவம் 2-இல் இருக்க வேண்டும். குறைந்தது 50 வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும், வேறு 50 பேர் வழிமொழிய வேண்டும். வாக்காளர் என்றால் இங்கே எம்.பி., எம்.எல்.ஏ. மட்டும்தான். ஒருவர் ஒரு மனுவில்தான் கையெழுத்திடலாம். இரண்டில் போட்டால் முதலில் கொடுக்கப்பட்டது மட்டும் செல்லும். வேட்பாளர் தன் பெயர் உள்ள மக்களவைத் தொகுதி வாக்காளர் பட்டியலின் சான்றளிக்கப்பட்ட நகலை இணைக்க வேண்டும். இந்த நகல் இல்லாமல் போய் மனுவை இழக்காதீர்கள். டெபாசிட் 15,000 ரூபாய். தேர்தல் நடத்தும் அலுவலரிடம் ரொக்கமாகவோ, ரிசர்வ் வங்கியில் அல்லது அரசுக் கருவூலத்தில் கட்டிய ரசீதாகவோ கொடுக்கலாம். ஒருவர் நான்கு மனு வரை தரலாம், டெபாசிட் ஒன்று போதும். தோற்றவருக்கு, வெற்றிக்குத் தேவையான வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்காவிட்டால் பணம் திரும்பாது.

நேரம் காலை 11 முதல் மதியம் 3 வரை. வேட்பாளர் நேரில் தரலாம், முன்மொழிந்தவரோ வழிமொழிந்தவரோ தரலாம். தபாலில் அனுப்ப முடியாது. இடம் டெல்லி. மக்களவைப் பொதுச் செயலாளரும் மாநிலங்களவைப் பொதுச் செயலாளரும் மாறி மாறித் தேர்தல் நடத்தும் அலுவலராக இருக்கிறார்கள். 2022-இல் மாநிலங்களவையின் முறை.

நூறு கையெழுத்து என்பது சாதாரண விஷயம் இல்லை. நம் பழைய வட ஆற்காட்டின் இருபத்தொரு எம்.எல்.ஏ.க்களும் கட்சி பார்க்காமல் கையெழுத்திட்டால்கூட இன்னும் எழுபத்தொன்பது வேண்டும். ஊகிப்பவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நூறு கையெழுத்தைத் திரட்ட முடியாத பெயரை எவ்வளவு பேர் சொன்னாலும் பட்டியலில் வைக்கத் தேவையில்லை.

9. செலவும் நேரமும்

நூறு பக்க நோட்டு ஒன்று, பென்சில், சிவப்புப் பேனா. செய்தித்தாள் வீட்டில் வராவிட்டால் நூலகத்தில் போய் வாசிக்கலாம். காலையில் போங்கள், ஜூன் மாத வெயிலில் மதியம் வேலூர் ரோட்டில் நடக்க முடியாது. மொத்த வேலைக்கும் எனக்கு இப்போது இருபது நாள் ஆகிறது, நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம். தனியாகச் செய்யாமல் மூன்று பேர் சேர்ந்து மாநிலங்களைப் பிரித்துக்கொண்டால் பத்து நாளில் முடியும். ஆனால் ஒருவர் போட்ட கூட்டலை இன்னொருவர் கட்டாயம் சரிபாருங்கள்.

ஜெராக்ஸ் எடுப்பதாக இருந்தால், கணக்கை ஒரு தாளிலும் ஊகத்தை இன்னொரு தாளிலும் எழுதுங்கள். ஊகத் தாளின் மேலே ‘ஊகம்’ என்று பெரிதாக எழுதித் தேதி போடுங்கள். கணக்குத் தாளில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஆண்டு. 2025 ஆகஸ்டில் துணைக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு இப்படித்தான் செய்தோம். ஆகஸ்ட் 17 மாலை பெயர் வந்தபோது எங்கள் ஊகத் தாளில் ‘பதவியில் உள்ள ஓர் ஆளுநர், அநேகமாகத் தெற்கிலிருந்து’ என்று எழுதியிருந்தது, பெயர் எழுதவில்லை. மகாராஷ்டிர ஆளுநராக இருந்த சி.பி.ராதாகிருஷ்ணனை அறிவித்தார்கள். அதே பேரணாம்பட்டுப் பெண் இப்போது எங்கள் வகுப்பில் கணக்குப் பகுதியை நடத்துகிறாள். அன்று கணக்குத் தாளில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

2027-க்கான நோட்டில் இப்போதைக்கு எழுத வேண்டியது ஜூலை 24 என்ற தேதியும், நம் மாவட்டத்துக்கு எதிரே 880 என்ற எண்ணும். மீதிக் கட்டங்களை உத்தரப்பிரதேச முடிவு வந்ததும் நிரப்பத் தொடங்குங்கள்.